கொசுக்கடியும் பௌத்தமும்: துக்கம், வேட்கை, வினை பற்றி ஒரு தொடக்கநிலை விளக்கம்

"ஆசையே துன்பத்துக்குக் காரணம்." புத்தர் பெயரில் தமிழில் அதிகம் புழங்கும் வரி இதுதான். பள்ளிப் பாடத்தில் வரும், பட்டிமன்றத்தில் வரும், வாட்ஸ்அப் காலை வணக்கப் படத்திலும் வரும். கேட்டவர்களில் யாராவது ஒருவர் உடனே மடக்குவார்: "ஆசையை விடணும்னு நினைக்கிறதும் ஆசைதானே?" அதோடு பேச்சு முடிந்துபோகும்.

இந்த மடக்குக் கேள்வி பழையது. கோசாம்பி நகரத்துக் கோசிதாராமம் என்ற தோட்டத்தில் உண்ணாபர் என்ற அந்தணர், புத்தரின் சீடர் ஆனந்தரிடம் இதையே கேட்டார். விருப்பத்தை விடுவதற்கும் ஒரு விருப்பம் வேண்டும் என்றால் இதற்கு முடிவே இராதே என்றார். ஆனந்தர் திருப்பிக் கேட்டது எளிமையான கேள்வி: இந்தத் தோட்டத்துக்கு வரவேண்டும் என்ற விருப்பம் உமக்கு இருந்ததா? இருந்தது. வந்து சேர்ந்த பிறகு அது என்ன ஆயிற்று? அடங்கிவிட்டது. அவ்வளவுதான் பதில். போய்ச் சேர்ந்ததும் தானாக அடங்கும் விருப்பம் ஒன்று உண்டு. கிடைக்கக் கிடைக்க வளரும் இன்னொன்றும் உண்டு. புத்தர் காரணம் என்று சுட்டியது இரண்டாவதை.

பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் அதன் பெயர் தண்ஹா. நேர்ப்பொருள் தாகம். தமிழில் இதற்கு அச்சாகப் பொருந்தும் சொல் வேட்கை. நீர்வேட்கை என்றாலே தாகம்தானே. பிள்ளை படிக்க வேண்டும், உடம்பு தேற வேண்டும், நாலு பேருக்கு உதவ வேண்டும் என்ற நோக்கங்களையெல்லாம் 'ஆசை' என்ற ஒரே சொல்லில் அள்ளிப் போட்டதால்தான் பௌத்தம் வாழ்க்கையை வெறுக்கச் சொல்கிறது என்ற எண்ணம் பரவியது.

நல்ல சொற்களுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் கடைசிக் காதை இந்தக் கருத்துகளைத் தமிழிலேயே அடுக்கித் தருகிறது. இந்தக் கட்டுரையில் முடிந்தவரை அந்தச் சொற்களையே பயன்படுத்துகிறேன். கருத்துகள் பாலி மொழியில் உள்ள புத்தரின் உரைகளை ஒட்டியவை. பௌத்தத்தின் இன்னொரு பெரும் பிரிவான மகாயானத்தின் மரபுகள் வேறு சில இடங்களில் அழுத்தம் கொடுக்கும், அதற்குள் இங்கே போகவில்லை.

துக்கம் என்றால் அழுகை மட்டுமா?

தமிழில் துக்கம் என்றதும் இழவு வீடு நினைவுக்கு வருகிறது. பாலியில் துக்க என்ற சொல்லின் வீச்சு பெரியது. அதில் மூன்று அடுக்குகள் உண்டு.

முதலாவது, வெளிப்படையான வலி. பல்வலி, காய்ச்சல், பிரிவு, அவமானம். இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, மாற்றத்தால் வருவது. நல்ல காபி ஒரு டம்ளர் கையில் இருக்கிறது. முதல் வாய் அமிர்தம். பாதி குடித்ததும் ஆறத் தொடங்குகிறது. அடியை நெருங்கும்போதே இன்னொன்று சொல்லலாமா என்று மனம் கணக்குப் போடுகிறது. காபியில் குற்றம் இல்லை. அது தீரும் என்பதும், தீரக்கூடாது என்று உள்ளே ஏதோ ஒன்று இழுப்பதும் சேர்ந்துதான் அந்த அரிப்பை உண்டாக்குகின்றன. இன்பத்துக்குள்ளேயே துக்கம் இருக்கிறது என்று சொல்வது இந்தப் பொருளில்தான். இன்பமே பொய் என்ற பொருளில் அல்ல.

மூன்றாவது நுட்பமானது. எதுவும் தன் காலில் தானே நிற்பதில்லை. பல காரணங்கள் கூடினால் இருக்கும், ஒன்று விலகினாலும் குலையும். உடல்நலம், உறவு, வேலை, நம்மைப் பற்றி நமக்கிருக்கும் எண்ணம் எல்லாம் இப்படித்தான். எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் அவற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே, அந்த ஓயாத சுமையும் துக்கம்தான்.

ஆகவே "வாழ்க்கையே துன்பமயம் என்றார் புத்தர்" என்பது பாதிதான். காசிக்குப் பக்கத்தில், இன்று சாரநாத் என்று அழைக்கப்படும் மான் தோட்டத்தில், ஐந்து துறவிகளுக்கு அவர் சொன்ன முதல் உரையில் நான்கு உண்மைகளைச் சொன்னார்: துக்கம், அதன் தோற்றம், அதன் நீக்கம், நீக்கும் வழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலையையும் சேர்த்தே சொன்னார். துக்கத்தை முழுதாக அறிய வேண்டும், தோற்றத்தை விட வேண்டும், நீக்கத்தை நேரில் காண வேண்டும், வழியைப் பழக வேண்டும். இந்த வேலைகளை மாற்றிப் போட்டுக்கொள்வதில்தான் பலர் இடறுகிறார்கள். துக்கத்தை விடப் பார்க்கிறார்கள். அது அறியப்பட வேண்டியது. விட வேண்டியது வேட்கை.

இரண்டு அம்புகள்

ஒருவர் மீது அம்பு ஒன்று தைக்கிறது. உடனே அதே ஆள் மீது இரண்டாவது அம்பும் தைக்கிறது. முதல் அம்பு உடலின் வலி. இரண்டாவது, அந்த வலியைப் பற்றி மனம் எழுப்பும் புலம்பல்: ஏன் எனக்கு மட்டும், இது எப்போது தீரும், அவனால்தானே வந்தது. பயிற்சி இல்லாதவர் இரண்டையும் வாங்குகிறார், பயிற்சி உள்ளவர் முதலாவதை மட்டும் வாங்குகிறார் என்பது புத்தர் சொன்ன உவமை.

அதே உரையில் பலரும் கவனிக்காத ஒரு வரி உண்டு. பயிற்சி இல்லாதவர் வலி வந்ததும் இன்பத்தைத் தேடி ஓடுகிறார். ஏனெனில் வலியிலிருந்து தப்ப அதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஏச்சு வாங்கிய கையோடு செல்பேசியைத் திறந்து வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும் விரலுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இதுவரை பார்த்தது: துக்கம் என்பது வலி மட்டுமல்ல, பிடிப்பும் மாற்றமும் மோதும் இடம். வலி முதல் அம்பு. இரண்டாவது அம்பு எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

சங்கிலியின் கண்ணிகள்

ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றுவதைச் சார்பு என்பார்கள். மணிமேகலை தரும் பன்னிரு சார்புகள் இவை: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். மரபில் இது பிறவிச் சுழலை விளக்கும் பட்டியல். ஆனால் நடுவில் உள்ள கண்ணிகளை ஒரு கொசுக்கடியிலேயே பார்த்துவிடலாம்.

இரவு விளக்கணைத்துப் படுத்திருக்கிறீர்கள். தோல் என்பது ஒரு வாயில், அதாவது புலன். மற்ற வாயில்கள் கண், காது, மூக்கு, நாக்கு. மனத்தையும் ஆறாவதாகச் சேர்ப்பது பௌத்தக் கணக்கு. கொசு கடிக்கிறது. புலனும் பொருளும் அறிவும் கூடும் அந்தத் தொடுகை ஊறு. உடனே அரிப்பு தெரிகிறது. அது நுகர்வு: இனிது, இன்னாது, இரண்டும் அல்லாதது என்ற மூன்றே வகை. அரிப்பு 'இன்னாது'. இதுவரை நடந்ததில் உங்கள் பொறுப்பு எதுவும் இல்லை. உடம்பு இருந்தால் இவை நடக்கும்.

அடுத்த நொடியில் 'இது போக வேண்டும்' என்ற உந்துதல். அதுதான் வேட்கை. ('வேண்டும்' மட்டும்தான் வேட்கை என்பதில்லை, 'வேண்டாம்' என்பதும் வேட்கையே. புலனின்பத்துக்கான தாகம், இன்னாராக ஆக வேண்டும் என்ற தாகம், இல்லாமல் போக வேண்டும் என்ற தாகம் என்று அது மூவகை.) கை போகிறது. சொறியும் முதல் கணம் இதமாக இருக்கிறது, சொறியச் சொறிய அரிப்பு கூடுகிறது. 'இந்த வீட்டில் ஜன்னலை யாருமே ஒழுங்காகச் சாத்துவதில்லை' என்று மனம் ஒரு கருத்தை இறுக்கிப் பிடிக்கிறது, அது பற்று. எழுந்து போய் யாரிடமாவது சள்ளென்று விழுந்தால் பவம், பிடிப்பு செயலாகத் திரளும் நிலை. ஒரு மில்லிமீட்டர் தடிப்பிலிருந்து ஒரு குடும்பச் சண்டை வரை வந்தாயிற்று.

இப்போது மறுபடி அதே கடி. கையை நகர்த்தாமல் அரிப்பை மட்டும் கவனியுங்கள். அது ஒரே திண்மமாக இருக்காது. குத்தும், சுடும், துடிக்கும், ஒரு கணம் மங்கும், மறுபடி எழும். 'போகணும், போகணும்' என்ற உந்துதல் அரிப்பிலிருந்து தனியாகத் தெரியத் தொடங்கும். அரிப்பு தோலில் இருக்கிறது; உந்துதல் பெரும்பாலும் கையிலோ தாடையிலோ இறுக்கமாக இருக்கும். இரண்டும் வேறு வேறு என்று ஒருமுறை பார்த்துவிட்டால், நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது புலப்படும். பௌத்தப் பயிற்சி முழுவதற்கும் வேலை செய்யும் இடம் அந்த இடைவெளிதான். முன்னால் உள்ள கண்ணிகளை அறுக்க முடியாது. பின்னால் போய்விட்டால் காலம் கடந்துவிடும்.

அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு: பல்லைக் கடித்துக்கொண்டு சொறியாமல் இருப்பது. அது அரிப்பை வெறுப்பதாகும், அதாவது வேட்கையின் 'வேண்டாம்' வடிவம். வெளியே சாதனை போலத் தெரிந்தாலும் உள்ளே சங்கிலி அப்படியே ஓடுகிறது. இதற்குச் சொறிவதே மேல். சொறிகிறேன் என்று தெரிந்து சொறியலாம்.

வினை: தலைவிதியா?

பௌத்தத்தில் மிக அதிகமாகச் சிதைந்துபோன சொல் இது. தமிழில் 'எல்லாம் என் கர்மம்' என்றால் தலையெழுத்து. இணையத்தில் 'கர்மா சும்மா விடாது' என்றால் பழிவாங்கும் நீதிபதி. இரண்டுமே புத்தர் சொன்ன பொருளுக்கு வெகுதூரம்.

அவர் தந்த வரையறை ஒரே வரி: சேதனை, அதாவது மனத்தின் முனைப்பு, அதையே நான் வினை என்கிறேன்; முனைந்தபின் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் ஒருவர் செயல்படுகிறார். ஆகவே வினை என்பது நாம் செய்வது. நமக்கு வந்து சேர்வது வினைப்பயன். இந்த இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கும்போதே குழப்பம் தொடங்கிவிடுகிறது. தெரியாமல் எறும்பை மிதித்துவிட்டால் கொல்லும் முனைப்பு அங்கே இல்லை. கொல்ல நினைத்து ஓங்கிய கை தவறிப்போனாலும் முனைப்பு இருந்தது.

தீவினைகள் பத்து என்று மணிமேகலை எண்ணிச் சொல்கிறது. உடலில் தோன்றுவன கொலை, களவு, தீய காமம் என மூன்று. சொல்லில் தோன்றுவன பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்கு. குறளை என்பது கோள். உள்ளத்தில் தோன்றுவன வெஃகல், வெகுளல், பொல்லாக்காட்சி என மூன்று; பிறர் பொருளுக்கு ஆசைப்படுவது, சினம், தவறான பார்வை. பத்தில் நான்கு வாயால் செய்வது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது எப்படி இயங்குகிறது? வயலின் குறுக்கே நாலு பேர் நடந்தால் புல் மடங்கும். தினமும் நடந்தால் ஒற்றையடிப் பாதை விழும். பிறகு வருகிறவர் யோசிக்காமல் அதிலேயே நடப்பார். எதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறோமோ, மனம் அந்தப் பக்கமே சாயும் என்று புத்தர் சொன்னார். ஒருமுறை கோபப்பட்டவருக்கு அடுத்த கோபம் எளிதாக வரும். பத்தாம் முறை உலகமே தன்னைச் சீண்டுவதாகத் தோன்றும். அந்தப் பயனைத் தர வெளியே ஒரு நீதிபதி தேவைப்படவில்லை.

ஆனாலும் வினை ஒரு கூட்டல்-கழித்தல் பேரேடு இல்லை. ஒரு கட்டி உப்பைச் சின்னக் கிண்ணத் தண்ணீரில் போட்டால் வாயில் வைக்க முடியாது. அதே கட்டியைக் கங்கையில் போட்டால் ஆற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஒரே செயல், மனத்தின் விரிவைப் பொறுத்து வெவ்வேறு அளவில் பயன் தரும் என்பதற்கு இது புத்தர் தந்த உவமை. செய்ததை அழிக்க முடியாது. தண்ணீரைக் கூட்ட முடியும்.

நமக்கு நேர்வதெல்லாம் முன்வினைதானா? சீவகர் என்ற பரிவிராசகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, புத்தரிடம் இதை நேராகவே கேட்டார். புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்கினார்: பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் கூடுவது, பருவ மாற்றம், தன்னைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாமே முன்வினை என்று சொல்வோர் கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறுகிறார்கள் என்றார். எல்லாம் முன்பே முடிவாகிவிட்டது என்றால் செய்ய வேண்டியது, செய்யக் கூடாதது என்ற பேச்சுக்கே இடமிராது என்பதும் அவர் வாதம்.

இதை நேர்மையாகச் சொல்வதென்றால், குறைந்த ஆயுள், நோய், வறுமை போன்றவற்றை முற்பிறவிச் செயலோடு இணைக்கும் உரைகளும் பாலி நூல்களில் உண்டு. அவற்றைக் காட்டி ஒருவரின் ஏழ்மையையோ சாதி இழிவையோ 'அவன் வினை' என்று தள்ளிவிடுவது கொடுமை. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், முற்பிறவி வினை இப்பிறவியைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை ஏற்க மறுத்தது இதனால்தான். பிறப்பால் எவரும் இழிந்தவரும் இல்லை, பிறப்பால் எவரும் அந்தணரும் இல்லை, செயலாலேயே ஆகிறார்கள் என்ற வரியும் அதே பாலி நூல்களில்தான் இருக்கிறது. வினை என்ற சொல்லை அடுத்தவரை அளக்கும் கோலாக எடுக்கிறவர் அதன் பயனைத் தலைகீழாக்குகிறார்.

தன்னை அளக்க அதை எப்படிப் பயன்படுத்துவது? மகன் ராகுலனுக்குப் புத்தர் தந்த முறை மிக எளிது. கண்ணாடி எதற்கு என்று கேட்டார். பார்ப்பதற்கு என்றான். அப்படியே ஒவ்வொரு செயலையும் மூன்று முறை பார் என்றார்: செய்யும் முன், செய்யும்போது, செய்த பின். இது எனக்கோ பிறருக்கோ கேடு தருமா? முன்பே தெரிந்தால் செய்யாதே. நடுவில் தெரிந்தால் நிறுத்து. பிறகு தெரிந்தால் ஆசிரியரிடமோ அறிவுள்ள தோழரிடமோ மறைக்காமல் சொல், இனிக் கட்டுப்படுத்திக்கொள். அனுப்பப் போகும் ஒரு கோபமான குறுஞ்செய்திக்கு இதைச் செய்து பார்த்தாலே போதும். நடுவில் நிறுத்துவது எவ்வளவு கடினம் என்பது தெரியும்.

ஆன்மா இல்லாமல் மறுபிறவி எப்படி?

பால் தயிராகிறது, தயிர் வெண்ணெயாகிறது, வெண்ணெய் நெய்யாகிறது. பாலும் நெய்யும் ஒன்றா? இல்லை. பாலை விட்டால் நெய் உண்டா? அதுவும் இல்லை. நாகசேனர் என்ற பௌத்தத் துறவி மிலிந்தன் என்ற மன்னனுக்குச் சொன்ன உவமை இது. மாறாத ஒரு பொருள் உடல் விட்டு உடல் தாவுகிறது என்பதைப் பௌத்தம் ஏற்பதில்லை. காரணத் தொடர்ச்சியை ஏற்கிறது. 'நான்' என்று சொல்வது ஐந்து கந்தங்களின், அதாவது தொகுதிகளின், திரட்டு: உருவம், நுகர்ச்சி, குறிகண்டு அறிதல், மன உந்துதல்கள், உணர்வு. ஐந்தும் கணந்தோறும் மாறுபவை. மறுபிறவியை நம்புவதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். நேற்றுக் கோபப்பட்ட 'நான்' இன்றைய 'நானாக' எப்படித் தொடர்கிறேன் என்ற கேள்விக்கும் இதே விடைதான்.

மறுபடி சுருக்கமாக: வினை என்பது முனைப்பு. அது பழக்கமாகி மனத்தைச் சாய்க்கிறது. முன்வினை காரணங்களில் ஒன்று, ஒரே காரணம் அன்று. தொடர்வது ஓர் ஓட்டம்.

எண்வழி: வரிசையாக ஏற வேண்டிய படியா?

நான்காம் உண்மையான 'நீக்கும் வழி' எட்டு உறுப்புகள் கொண்டது: நற்காட்சி, நல்லெண்ணம், நன்மொழி, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி. எட்டும் படிக்கட்டுகள் போல ஒன்று முடிந்து அடுத்தது என்று இருப்பதில்லை. கயிற்றின் எட்டு இழைகள் போல. முதலிரண்டும் ஞானம், அடுத்த மூன்றும் ஒழுக்கம், கடைசி மூன்றும் மனப்பயிற்சி.

ஒழுக்கத்தை விட்டுவிட்டு நேராகத் தியானத்துக்குப் போவது இன்று வழக்கமாகிவிட்டது. அதில் என்ன சிக்கல்? பகலில் பொய் சொன்னவர் மாலையில் கண்ணை மூடினால் அந்தப் பொய்யைக் காப்பாற்றும் யோசனைதான் வரும். சீலம், அதாவது ஒழுக்கம், மனத்தின் இரைச்சலைக் குறைக்கும் ஏற்பாடு. நல்வாழ்க்கை என்பதற்குத் தெளிவான எல்லையே உண்டு: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் விற்றுப் பிழைக்கக் கூடாது.

நற்கடைப்பிடி என்பது மறவாமை. உடல், நுகர்வு, மனநிலை, மனத்தில் எழும் பொருள்கள் ஆகிய நான்கின் மீதும் கவனம் வைப்பது. தொடங்குவதற்கு மூச்சு போதும். முதுகு நிமிர்த்தி உட்காருங்கள். தரையில் முடியாவிட்டால் நாற்காலி. 15 நிமிடம். நெடிய மூச்சு என்றால் நெடியது, குறுகியது என்றால் குறுகியது என்று அறிவது மட்டுமே வேலை. மூச்சை மாற்ற வேண்டாம். மனம் ஓடியது தெரிந்ததும் திரும்புங்கள். 'ஓடிவிட்டது' என்று தெரிந்த அந்தக் கணம்தான் பயிற்சி. அதைத் தோல்வியாக எண்ணுகிறவர்கள் ஒரே வாரத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

தியானத்துக்குத் தடைகள் ஐந்து. மனத்தை ஒரு பாத்திரத் தண்ணீராகக் கொண்டால், புலனாசை அதில் சாயம் கரைத்தது போல, பகை அதைக் கொதிக்க வைத்தது போல, சோம்பலும் தூக்கமும் பாசி மூடியது போல, பரபரப்பும் கவலையும் காற்று அலைத்தது போல, ஐயம் சேறாக்கி இருட்டில் வைத்தது போல. எந்த நிலையிலும் முகம் தெரியாது. மருந்தும் ஒவ்வொன்றுக்கும் வேறு. தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து எழுந்து நடக்கலாம். பரபரப்புக்கு அதே நடை ஒத்துவராமல் போகலாம், மூச்சை வெளிவிடுவதில் கவனம் வைத்து அடங்க விட வேண்டும்.

மிகை முயற்சியும் கெடுக்கும். சோணர் என்ற துறவி நடைத் தியானத்தில் பாதம் கிழிந்து இரத்தம் வரும்வரை நடந்தார். இல்லற நாளில் அவர் வீணை வாசித்தவர். நரம்பு அதிகம் இறுகினால் வாசிக்க வருமா, தளர்ந்தால் வருமா என்று புத்தர் அவரிடம் கேட்டார்.

நிப்பானம்: எங்கே போவது?

நிர்வாணம், பாலியில் நிப்பானம், என்றால் அணைதல். எண்ணெயும் திரியும் தீர்ந்தால் சுடர் அவிவது போல, பேராசை, வெறுப்பு, மயக்கம் என்ற மூன்று தீயும் அவிவது. அது ஓர் உலகமோ சொர்க்கமோ அன்று. ஒரே நொடி மின்னலாகக் கிடைப்பதாகவும் மரபு சொல்வதில்லை. நான்கு கட்டங்களைச் சொல்கிறது. முதல் கட்டம் சோதாபத்தி, ஆற்றோட்டத்தில் இறங்குதல். அங்கே மூன்று கட்டுகள் அறும்: நிலையான 'நான்' உண்டு என்ற பார்வை, வழியைப் பற்றிய ஐயம், சடங்கே கரைசேர்க்கும் என்ற பிடிப்பு. புலனாசையும் சினமும் அதற்குப் பிறகும் இருக்கும். இரண்டாம் கட்டத்தில் மெலிந்து, மூன்றாம் கட்டத்தில்தான் அறும். நான்காம் கட்டத்தில் 'நான்' என்ற செருக்கின் எச்சமும் பேதைமையும் தீரும்.

விழிப்புற்றவருக்கு வலியே இராது என்பதும் தவறான எண்ணம். ஒருமுறை கற்சில்லு பட்டுப் புத்தரின் பாதம் கிழிந்தது. கடும் வலி என்றே உரை சொல்கிறது. வலப்பக்கமாகச் சிங்கம் போல் படுத்து, கலங்காமல் மறவாமையோடு அதைத் தாங்கினார். முதல் அம்பு பட்டது. இரண்டாவது இல்லை.

ஆசையெல்லாம் போய்விட்டால் மனிதன் கல்லாகிவிட மாட்டானா என்ற கேள்விக்கும் அவர் வாழ்க்கையிலேயே விடை கிடைக்கிறது. விழிப்புக்குப் பிறகு 45 ஆண்டுகள் கங்கைச் சமவெளியில் ஊர் ஊராக நடந்து கற்பித்தார். 80 வயதில், குசிநாராவில், இரண்டு சால மரங்களுக்கு நடுவே கடைசியாகப் படுத்திருந்த இரவில் சுபத்தர் என்ற பரிவிராசகர் ஐயம் தீர்க்க வந்தார். பகவான் களைத்திருக்கிறார் என்று ஆனந்தர் மூன்று முறை தடுத்தார். பேச்சு காதில் விழவே, "அவரைத் தடுக்க வேண்டாம், ஆனந்தா, வரட்டும்" என்று சொல்லி, சுபத்தரைப் பக்கத்தில் அழைத்த புத்தர், பிற ஆசிரியர்களைப் பற்றி அவர் கேட்டதை ஒருபுறம் வைத்துவிட்டு, எண்வழியைப் பற்றி அவருக்குச் சொன்னார்.